டிரைடன்ட்: பனியில் கில்லாடி, ஓடுபாதையில் சோம்பேறி

மூடுபனியில் தானாகத் தரையிறங்குவதில் பிரிட்டிஷ் பயணிகள் ஜெட் விமானமான டிரைடன்டுக்கு அந்தக் காலத்தில் நிகரே இல்லை. மேலே ஏறுவதில்தான் திணறும். இரண்டுக்கும் காரணம் ஒரே வாடிக்கையாளர்: பிரிட்டனின் அரசு விமான நிறுவனம் பி.ஈ.ஏ.

விமானத் தயாரிப்பு நிறுவனமான டி ஹாவிலண்ட் முதலில் வரைந்த, பின்னால் டிரைடன்டாக மாறிய டி.எச்.121-இல் குறை சொல்ல ஒன்றுமில்லை. 111 இருக்கைகள், தலா சுமார் 14,000 பவுண்டு உந்துவிசை தரும் மூன்று ரோல்ஸ்-ராய்ஸ் மெட்வே எஞ்சின்கள். பயணிகள் குறைந்துவிடுவார்களோ என்று பயந்த பி.ஈ.ஏ., 1959-இல் சின்னதாகக் கேட்டது. 24 விமானங்களுக்கான ஆர்டர் அவர்கள் கையில், மறுக்க வழியில்லை. மெட்வே போய் 9,850 பவுண்டு உந்துவிசை தரும் ஸ்பே எஞ்சின் வந்தது. விமானம் தரையை விடவே மனமில்லாததுபோல் ஓட, 'கிரவுண்ட் கிரிப்பர்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

உடலைச் சுருக்கியதைக்கூட மன்னிக்கலாம், பின்னால் நீட்டிக்கொள்ள முடியும். எஞ்சினைச் சுருக்கியதுதான் பெரிய தவறு. நீட்டிய 3பி மாடலுக்கு ஸ்பேயின் பலம் போதவில்லை. வால் அடியில் 5,250 பவுண்டு உந்துவிசை தரும் ஆர்.பி.162 என்ற குட்டி எஞ்சினைச் செருகினார்கள். புறப்படும்போதும் ஏறும்போதும் மட்டுமே அதற்கு வேலை. மீதி வழியெல்லாம் வெறும் சுமை.

தானியங்கித் தரையிறக்கம் மட்டும் அசல் சாதனை. லண்டன் பனியால் சேவை முடங்குவது பி.ஈ.ஏ.வுக்கு நேரடி நஷ்டம் என்பதால் இதில் கஞ்சத்தனம் காட்டவில்லை. தனித்தனியாக இயங்கும் மூன்று கட்டுப்பாட்டு வழிகள். ஒன்று முரண்பட்டால் மற்ற இரண்டும் அதை வெட்டிவிட்டு இறக்கத்தைத் தொடரும். மூக்குச் சக்கரம் நடுவில் இருக்காது, சுமார் 60 செ.மீ. இடப்பக்கம் தள்ளி, பக்கவாட்டில் மடங்கும். மிச்சமான இடம் மின்னணுப் பெட்டிகளுக்கு. 1965 ஜூன் 10 அன்று பாரிஸிலிருந்து பயணிகளோடு வந்த டிரைடன்ட், ஹீத்ரோவில் தானியங்கி முறையில் இறங்கியது.

மன்னிக்க முடியாத குறை ஒன்று. 1சி மாடலில், குறைந்த வேகத்தில் தூக்குவிசை கிடைக்க இறக்கையின் முன்விளிம்பை வளைக்கும் 'ட்ரூப்'புக்கும் பின்விளிம்பில் இறங்கும் ஃபிளாப்புக்கும் தனித்தனி லீவர். வேகம் போதாதபோது ட்ரூப்பை உள்ளிழுப்பதைத் தடுக்கும் பூட்டு கிடையாது. 1972 ஜூன் 18 அன்று லண்டனை ஒட்டிய ஸ்டெயின்ஸ் அருகே ட்ரூப் முன்கூட்டியே உள்ளிழுக்கப்பட்டு விமானம் விழுந்தது. 118 பேரும் இறந்தார்கள்.

பல நிறுவனங்களை மனதில் வைத்துப் பெரிய எஞ்சினோடு வந்த போயிங் 727, 1,832 விற்றது. டிரைடன்ட் மொத்தமே 117. வெளியில் பெரிய வாடிக்கையாளர் சீனா. ஏர் சிலோன் ஒன்றே ஒன்று வாங்கியது.

நேரில் பார்க்க இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் ஒரு 2இ மாடல் நிற்கிறது. அந்த நான்காவது எஞ்சின் 3பி-யில்தான் உண்டு. அதற்கு மான்செஸ்டர் விமான நிலையப் பார்வையாளர் பூங்காவுக்குப் போங்கள்.