பழைய ஸ்போர்ட்ஸ் கார் கியர் பாக்ஸுக்கு எந்த ஆயில்: ஜிஎல்-4, ஜிஎல்-5, 20டபிள்யூ-50

எம்ஜிபி, டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் இரண்டும் 1962-இல் வெளிவந்த இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார்கள். இரண்டின் தயாரிப்பும் 1980-இல் நின்றது. ஆனால் கியர் பாக்ஸுக்குள் ஊற்றச் சொல்லும் ஆயில் மட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது. ஸ்பிட்ஃபயருக்கு 90 நம்பர் கியர் ஆயில். எம்ஜிபிக்கு, இன்ஜினுக்கு ஊற்றும் அதே 20டபிள்யூ-50. அதனால், "பழைய வண்டிக்கு இதுதான் நல்லது" என்று யாராவது பொதுவாகச் சொன்னால், எந்த வண்டிக்கு என்று முதலில் கேளுங்கள்.

புதுச்சேரியிலோ கடலூரிலோ ஆயில் கடையில் போய் "அண்ணா, 90 ஆயில் குடுங்க" என்றால், கைக்கு வருவது பெரும்பாலும் ஜிஎல்-5. ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை கியர் ஆயிலின் தர வகைகள். "இதுதான் சார் லேட்டஸ்ட், எல்லாத்துக்கும் ஊத்தலாம்" என்று கடைக்காரர் நல்ல மனதோடுதான் சொல்வார். 5 என்பது 4-ஐ விட ஒரு படி மேல் என்று நமக்கும் தோன்றும். அங்கேதான் சிக்கல்.

ஜிஎல்-5 முக்கியமாகப் பின் ஆக்சிலுக்கான ஆயில். அங்கே ஹைபாய்டு பல் சக்கரங்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி அழுத்தும். அதைத் தாங்க கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானம் வேண்டும். ஜிஎல்-5-இல் இது ஜிஎல்-4-ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கியர் பாக்ஸுக்குள் இருப்பதோ பித்தளை, வெண்கல வகை சின்க்ரோ வளையங்கள். கியர் மாற்றும்போது இந்த வளையம் கியரின் கூம்புப் பகுதியைக் கவ்விப் பிடித்து வேகத்தைச் சமன் செய்ய வேண்டும். ஆயில் அதிகமாக வழுக்கினால் கவ்வாது. இரண்டாவது கியருக்கு இறக்கும்போது 'கர்ர்' என்று சத்தம் வரும். போதாததற்கு, சூட்டில் அந்தக் கந்தகம் செம்பு கலந்த உலோகத்தை அரிக்கவும் செய்யும். செம்பை அரிக்காத ஜிஎல்-5 இப்போது கிடைக்கிறது, உண்மைதான். ஆனாலும் வழுக்கல் பிரச்சினை அப்படியே இருக்கிறது. ஸ்பிட்ஃபயருக்கு என் ஓட்டு ஜிஎல்-4-க்குத்தான். தேடி அலைய வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. பின் ஆக்சிலுக்குத் தனி டப்பா வாங்குங்கள். ஒரே டப்பாவில் இரண்டு வேலையையும் முடிக்க நினைக்க வேண்டாம்.

எம்ஜிபிக்கு 20டபிள்யூ-50 என்றால், "50 போதுமா? 90 இல்ல கெட்டி?" என்று கேட்காத மெக்கானிக் அபூர்வம். இன்ஜின் ஆயிலுக்கும் கியர் ஆயிலுக்கும் அளவுகோலே வேறு. 100 டிகிரி சூட்டில் இரண்டும் ஏறக்குறைய ஒரே கெட்டிதான். ஓவர்டிரைவ் (நெடுஞ்சாலையில் இன்ஜின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர் அமைப்பு) உள்ள எம்ஜிபியில் கியர் பாக்ஸும் ஓவர்டிரைவும் ஒரே ஆயிலைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. உராய்வைக் குறைக்கும் சேர்மானம் எதையும் தனியாக வாங்கி அதில் ஊற்றிவிடாதீர்கள், உள்ளே இருக்கும் கூம்பு கிளட்ச் வழுக்கும். விலை உயர்ந்த 75டபிள்யூ-90 சிந்தெடிக் ஆயிலில் அந்த 75டபிள்யூ என்பது உறைபனி ஊர்களுக்கானது. டிசம்பர் ராத்திரியிலும் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும் நம் கடற்கரைக்கு அதற்காகக் கூடுதல் காசு தேவையில்லை.

அளவு பார்ப்பதில் எம்ஜிபி சுலபம். முந்தைய மாடல்களில் உள்ளே கார்ப்பெட்டைத் தூக்கினால் ஒரு ரப்பர் மூடி, அதன் கீழே டிப்ஸ்டிக். வேட்டி கசங்காமல் பார்த்துவிடலாம். பிந்தைய எம்ஜிபியிலும் ஸ்பிட்ஃபயரிலும் பக்கவாட்டு பிளக்தான். வண்டி நாலு பக்கமும் மட்டமாக நிற்க வேண்டும்; முன்பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிப் பார்த்தால் அளவு தப்பாகத்தான் காட்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது, ஸ்டாண்டு வேண்டும். சர்வீஸ் பள்ளம் உள்ள பட்டறை கிடைத்தால் இன்னும் நல்லது. பிளக்கைத் திறந்து, பெரிய சிரிஞ்சில் டியூப் மாட்டி, ஓட்டையின் கீழ் விளிம்பில் ஆயில் வழியும்வரை ஏற்றுங்கள். வழிவது நின்ற பிறகு மூடுங்கள். ஆயிலை முழுக்க வடிப்பதென்றால், நிரப்பும் பிளக் கழன்று வருகிறதா என்று பார்த்த பிறகே அடி பிளக்கில் ஸ்பேனரை வையுங்கள். உப்புக் காற்றில் இறுகிப்போன பிளக் வராவிட்டால், காலி கியர் பாக்ஸோடு வண்டி பட்டறையிலேயே நிற்கும்.

டாப்-அப் போதுமா, முழுக்க மாற்றவா? ஓவர்டிரைவ் இல்லாத ஸ்பிட்ஃபயர் கியர் பாக்ஸின் மொத்தக் கொள்ளளவே சுமார் 0.85 லிட்டர். உள்ளே இருப்பது என்ன ஆயில் என்று தெரியாவிட்டால் யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். கந்தக நாற்றம் மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, ஜிஎல்-4-உம் நாறும். இரண்டு சொட்டு எடுத்து விரலில் தேய்த்து வெயிலில் பாருங்கள். தங்கத்தூள் போல மினுமினுத்து, காந்தத்தில் ஒட்டாவிட்டால் அது சின்க்ரோ வளையத்தின் தேய்மானம். காந்தத்தில் மெல்லிய கரும்பசை ஒட்டுவது இயல்பு. சில்லு வந்தால் கியர் பாக்ஸைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது தேங்கியதைப் போன்ற தண்ணீரில் நின்ற வண்டியா? ஆயில் பால் காபி நிறத்தில் வந்தால் டாப்-அப் பேச்சே வேண்டாம். வடித்து, புது ஆயில் ஊற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, மறுபடியும் வடித்து ஊற்றுங்கள்.

வேலை முடிந்ததும் கடலூர் வரை ஒரு நடை போய்விட்டு வந்து, வண்டியை ராத்திரி அட்டை விரித்து நிறுத்துங்கள். காலையில் அட்டையில் பிளக்குக்கு நேர் கீழே கறை இருந்தால் பிளக்கின் வாஷரை மாற்றுங்கள். கியர் பாக்ஸின் வால் பக்கம் இருந்தால் பின் ஆயில் சீல்.