கட்டணம் கேட்காத ஆய்விதழ் தேடுகிறவர்களுக்கு: டிஓஏஜே

என் முதல் ஆய்வுக் கட்டுரையை அனுப்பிய நாலாவது நாளே ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. ஒரு வார்த்தைகூடத் திருத்தச் சொல்லவில்லை. அடுத்த மின்னஞ்சலில் பணம் கேட்டார்கள், கட்டினேன். ஒரு வருடத்தில் அந்த இதழின் இணையதளமே காணாமல் போனது. என் கட்டுரையும் அதோடு போயிற்று.

அப்புறம் எந்த இதழுக்கு அனுப்புவதென்றாலும் டிஓஏஜே (DOAJ) தளத்தைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். திறந்த அணுகல் ஆய்விதழ்களின், அதாவது யாரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கக்கூடிய இதழ்களின், அடைவு இது. 2003இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் சுமார் 300 இதழ்களோடு ஆரம்பித்தது, இன்று 20,000ஐத் தாண்டிவிட்டது. அதிக இதழ்களைக் கொடுத்திருக்கும் நாடுகளில் இந்தோனேசியா முன்னால் நிற்கிறது. இந்தத் தளம் படிக்கிறவரிடமும் காசு வாங்குவதில்லை, பட்டியலில் சேரும் இதழிடமும் வாங்குவதில்லை.

தேடல் பக்கத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. கட்டணம் வாங்காத இதழ்கள் மட்டும் போதும் என்று அதில் டிக் போடுங்கள். பட்டியலில் பாதிக்கு மேல் அப்படியே நிற்கும். முதல் தடவை பார்த்தபோது நான் நம்பவில்லை. திறந்த அணுகல் என்றாலே எழுதுகிறவர்தான் பணம் கட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன். நேச்சர் இதழ் 2021இல் அதற்கு வைத்த கட்டணம் 9,500 யூரோ. வளரும் நாட்டு ஆசிரியர் எங்கே போவார்? படிக்கக் கதவைத் திறந்துவிட்டு எழுதும் கதவைச் சாத்தினால் அறிவு ஒரு பக்கமாகத்தான் ஓடும். பிரேசிலில் தொண்ணூறுகளின் கடைசியில் தொடங்கிய சைலோ (SciELO) என்ற திறந்த அணுகல் இதழ்த் தொகுப்பு போன்ற முயற்சிகள், பொதுப்பணத்தில் இதழ் நடத்த முடியும் என்று எப்போதோ காட்டிவிட்டன.

ஒவ்வொரு இதழின் பக்கத்திலும் கட்டணம் உண்டா, சலுகை உண்டா, மதிப்பாய்வு (அதே துறை ஆய்வாளர்கள் கட்டுரையைச் சரிபார்ப்பது) எந்த முறை, பதிப்புரிமை யாருக்கு, வெளிவரச் சராசரியாக எத்தனை வாரம் என்று எல்லாம் போட்டிருக்கும். அந்த வார எண்ணிக்கையைக் கட்டாயம் பாருங்கள்; எனக்கு நாலு நாளில் வந்தது போன்ற பதிலை நம்பாதீர்கள். தளமும் கறாரானதுதான். எல்லா இதழ்களும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்லி, அப்படிச் செய்யாத சுமார் 3,300 இதழ்களை 2016இல் நீக்கினார்கள்.

குறை? கட்டுரைகளைத் தேட இது அவ்வளவு உதவாது. தலைப்பும் சுருக்கமும்தான் இருக்கும், அதையும் எல்லா இதழ்களும் ஏற்றுவதில்லை. பதவி உயர்வுக் குழுக்கள் கேட்கும் தாக்கக் காரணி எண்ணும் (இதழின் கட்டுரைகளைச் சராசரியாக எத்தனை முறை மற்றவர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற கணக்கு) இங்கே கிடைக்காது. எனக்கு அது குறையாகப் படவில்லை.

என் மாணவி ஒருத்தி இங்கே பார்த்து, 16 வாரம் என்று போட்டிருந்த ஒரு இதழுக்கு அனுப்பினாள். கட்டணம் இல்லை. போன வாரம் மதிப்பாய்வாளர்கள் இரண்டு பேரிடமிருந்து மூன்று பக்கக் குறிப்பு வந்தது. இரண்டாவது அட்டவணையில் ஒரு கூட்டல் தப்பு, நானும் கவனிக்காமல் விட்டது. இப்போது உட்கார்ந்து திருத்திக்கொண்டிருக்கிறாள்.