பெயர் மாறும் முன் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்: பழைய பைக் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வேலைக்குச் சேர்ந்த புதிதில், எவ்வளவு முயன்றாலும் 40,000 ரூபாய்க்கு மேல் திரட்ட முடியாத நிலையில் முதல் பைக் வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருச்சியில் ஒரு டூவீலர் கன்சல்டிங் கடை, அதாவது பழைய பைக்குகளை வாங்கி விற்கும் கடை, தனக்கு விற்கும் உரிமையே இல்லாத வண்டியை என் தம்பிக்கு விற்றுவிட்டது. புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. அவர்கள் ஏமாற்றிய முறை தெரிந்தால் போதும். அதே முறையில் வியாபாரம் செய்கிற கடைகள் வேறு ஊர்களிலும் உண்டு.

தம்பி துவாக்குடியில் ஒரு பட்டறையில் வெல்டராக இருக்கிறான். இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும் நேரத்தில் எங்கள் ஊருக்குப் பஸ் கிடையாது. அதனால் அவனுக்கு பைக் அவசியத் தேவை. 2025 செப்டம்பரில் 350 சிசி வரையுள்ள பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்த பிறகும், பதிவு, காப்பீடு எல்லாம் சேர்த்தால் புது வண்டியின் விலை அவனுக்கு எட்டவில்லை. அம்மாவின் அறுவை சிகிச்சைக்கு வாங்கிய கடனே இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால், இன்னொரு மாதத் தவணையைத் தலையில் ஏற்றிக்கொள்ளவும் வழியில்லை. ஆகவே பழைய வண்டியைத் தேடினான். அதில் தவறு ஒன்றும் இல்லை. நம் ஊரில் பெரும்பாலோரின் முதல் பைக் பழைய பைக்தான்.

கடையில் காட்டியது 2019 மாடல் 125 சிசி வண்டி. ஒரே ஓனர் என்றார்கள். மீட்டர் 22,000 கிலோமீட்டரைச் சற்றே தாண்டியிருந்தது. பாலிஷ் போட்டு, புது சீட் கவர் மாட்டி நிறுத்தியிருந்தார்கள். விலை 42,000. பெயர் மாற்றத்துக்குத் தனியாக 3,500. "தம்பி, சாயங்காலம் இன்னொருவர் பணத்தோடு வருகிறார், இப்போதே டோக்கன் போட்டுவிடுங்கள்" என்று அவசரப்படுத்தி 5,000 வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் மீதியும் போனது. பாதி ரொக்கம், பாதி கடைக்காரரின் சொந்தக் கணக்குக்கு கூகுள் பே.

அவன் கையில் கொடுத்தவை: சாவி, ஆர்.சி.யின் (பதிவுச் சான்றின்) ஜெராக்ஸ், பெயர் மாற்றத்துக்கான 29, 30ஆம் எண் படிவங்களில் முதல் ஓனர் மட்டும் கையெழுத்திட்டிருந்த நகல், வண்டி எண்ணும் தொகையும் எழுதிய ஒரு எஸ்டிமேட் தாள். "ஒரிஜினல் ஆர்.சி. பெயர் மாற்றத்துக்குப் போயிருக்கிறது, 15 நாளில் உங்கள் பெயரில் வந்துவிடும்" என்றார்கள்.

வரவில்லை. சர்வர் வேலை செய்யவில்லை என்றார்கள், அதிகாரி விடுப்பு என்றார்கள், தீபாவளிக்குப் பிறகு என்றார்கள். பொங்கல் முடிந்த கையோடு, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த தம்பியை இரண்டு பேர் சாலையில் மறித்து, தவணை நிலுவை என்று சொல்லி, சாவியைப் பறித்து வண்டியைக் கொண்டுபோய்விட்டார்கள். முதல் ஓனர் 2024இல் அந்த வண்டியின் மேல் மறுகடன் வாங்கிக் கட்டாமல் விட்டிருக்கிறார். கடன் கொடுத்த நிதி நிறுவனத்தின் பெயர் அரசின் வாகனப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. தம்பிக்குக் கொடுத்த ஜெராக்ஸோ கடனுக்கு முன்பு அச்சிட்ட பழைய ஆர்.சி.யின் நகல். அதை எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் கடன் தெரியாது.

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். தாளில் இருக்கும் ஆர்.சி. அது அச்சான நாளின் நிலவரத்தை மட்டுமே சொல்லும். இன்றைய நிலவரம் அரசின் வாகனப் பதிவேட்டைக் காட்டும் பரிவாகன் இணையதளத்தில் இருக்கிறது. எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால், கடன் பதிவு உண்டா, காப்பீடும் புகைச் சான்றும் எதுவரை, எந்த அலுவலகத்தில் பதிவு என்பதெல்லாம் இலவசமாக வந்துவிடும். அபராதம் பாக்கி இருக்கிறதா என்பதை இ-சலான் பக்கத்தில் பார்க்கலாம். டோக்கன் போடுவதற்கு முன்னால், கடை வாசலில் நின்றபடியே பாருங்கள். கடன் பதிவு இருந்தால், கடன் முடிந்தது என்று நிதி நிறுவனம் கையெழுத்திட்ட 35ஆம் எண் படிவமும் தடையின்மைச் சான்றும் கொடுத்து அதை நீக்கும்வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் பெயர் மாறாது. நாள் முழுவதும் இதே தொழிலில் இருக்கிற கடைக்கு இது தெரியாது என்பதை நான் நம்பவில்லை. நடக்கவே முடியாத பெயர் மாற்றத்துக்குத்தான் 3,500 வாங்கியிருக்கிறார்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்தபோது, அந்த எண்ணுக்குப் பெயர் மாற்ற விண்ணப்பமே பதிவாகவில்லை என்று தெரிந்தது. விண்ணப்பித்திருந்தால் இணையத்தில் ஒரு விண்ணப்ப எண் உருவாகியிருக்கும். "விண்ணப்ப எண் என்ன?" என்று கேட்டு, நீங்களே அதன் நிலையைப் பாருங்கள். எண் தராத கடை விண்ணப்பிக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களைக் கொடுத்து "எல்லாம் ரெடி" என்று சொல்வது இந்தத் தொழிலில் சாதாரண வழக்கம். அந்தத் தாள்களால் யாரும் உரிமையாளர் ஆகிவிட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவுப்படி, விற்றவர் ஒரே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். விற்கிறவர்களும் கவனியுங்கள்: பதிவேட்டில் பெயர் இருக்கிறவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. கடைக்கு வண்டியைக் கொடுத்துவிட்டோம், இனி நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது.

பலருக்குத் தெரியாத இன்னொரு விதியும் இருக்கிறது. மத்திய அரசு 2022 டிசம்பரில் விதிகளைத் திருத்தி, 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிகள் பதிவு அலுவலகத்தில் அங்கீகாரம் பெற வேண்டும் என்று ஆக்கியிருக்கிறது. அங்கீகாரச் சான்று 29பி படிவத்தில் இருக்கும். ஓனர் வண்டியை ஒப்படைத்ததும் 29சி படிவம் மூலம் பதிவேட்டில் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு அந்த வண்டிக்குப் பொறுப்பு வியாபாரிதான். "நாங்கள் வெறும் புரோக்கர், ஓனரைப் போய்க் கேளுங்கள்" என்று எங்களிடம் சொன்னது போல் அவர் கைகழுவ முடியாது. கடைக்குள் நுழைந்ததும் 29பி சான்றைக் கேளுங்கள். கேட்டதற்காகக் கோபப்படுகிறவரிடம் வாங்க வேண்டாம்.

வண்டியிலும் ஏமாற்று இருந்தது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைச் சொல்லிப் பழைய சர்வீஸ் பதிவைக் கேட்டோம். 2023இலேயே 58,000 கிலோமீட்டர் என்று பதிவாகியிருந்தது. டிஜிட்டல் மீட்டரில் கிலோமீட்டரைக் குறைத்து வைப்பது அவர்களுக்குச் சிரமமே இல்லை. இதைத் தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி டயர். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது. 2019 வண்டி 22,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்றால் முன் டயரை ஏன் மாற்றியிருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். கிரிப்பையும் சீட் கவரையும் புதிதாக மாட்டிவிடுவார்கள். கால் வைக்கிற ரப்பரையும் பிரேக் பெடலையும் மாற்ற மாட்டார்கள், அங்கே தேய்மானம் தெரியும். கடைக்காரர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது, பெரிய செலவு காத்திருக்கிறது. உங்கள் மெக்கானிக்குக்குச் சில நூறு ரூபாய் கொடுத்து அழைத்துப்போவது வீண் செலவு ஆகாது. சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

பணத்தை எப்படிக் கொடுக்கிறோம் என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பாதுகாப்பு. பட்ஜெட் 40,000 என்றால் 30,000க்கு மேற்பட்ட வண்டியைப் பார்க்காதீர்கள். டயர், செயின் செட், காப்பீடு என்று மீதி கரைந்துவிடும். விலையில் ஒரு பகுதியை, குறைந்தது மூன்றில் ஒரு பங்கை, உங்கள் பெயரில் ஆர்.சி. வந்த பிறகே தருவதாகத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். நேர்மையான வியாபாரி ஒப்புக்கொள்வார். முடிந்தவரை வங்கி வழியாகவே கொடுங்கள். தம்பி ரொக்கமாகக் கொடுத்த பாதியை வாங்கவே இல்லை என்று இப்போது கடைக்காரர் சாதிக்கிறார். பெயர் மாறினாலும் காப்பீட்டைத் தனியாக உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்கு 14 நாள் அவகாசம். மாற்றாவிட்டால் உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு கிடைப்பது கடினம்.

சாலையில் யாராவது மறித்தால் சாவியைக் கொடுக்காதீர்கள். வசூல் முகவர் அடையாள அட்டையும் நிறுவனத்தின் அங்கீகாரக் கடிதமும் வைத்திருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தம்பியை மறித்தவர்கள் செல்போனில் ஒரு படத்தைக் காட்டியதோடு சரி. உடனே 112ஐ அழையுங்கள்.

நாங்கள் காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுத்திருக்கிறோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனுச் செய்திருக்கிறோம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். இதே போல் பெயர் மாற்றத்துக்குப் பணம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவர்கள் எஸ்டிமேட் தாள், கூகுள் பே பதிவு, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காமல் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. ஆனால் கடை பெயர்ப்பலகையை மாற்றுவதற்குள் போவது நல்லது.