கையில் கட்டும் கஃபா, ரத்தக்குழாயில் போடும் ஆர்ட் லைனா?

மழைக்காலம் வந்தால் கடலூர், புதுச்சேரிப் பக்க ஐசியூக்களில் ஸ்க்ரப் டைஃபஸ் என்ற உண்ணிக்காய்ச்சலும் எலிக்காய்ச்சலும் வரிசையாக வந்து படுக்கும். பிரஷர் விழுந்து, சலைன் கொடுத்தும் ஏறாமல், பிரஷரை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்து ஓட ஆரம்பித்ததும் செவிலியர் மேசையில் அந்தக் கேள்வி எழும்: பிரஷர் அளக்கக் கையில் கட்டும் கஃப் போதுமா, தமனிக்குள் குழாய் செருகித் தொடர்ந்து அளக்கும் ஆர்ட் லைன் வேண்டுமா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்தின் அளவு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்வரை ஆர்ட் லைன்தான். ஆனால் இரவு ஷிஃப்டிலும் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்க வேண்டும். கவனிப்பாரில்லாத லைனைவிட, சரியான அளவில் கட்டிய கஃப் எவ்வளவோ மேல்.

தானியங்கிக் கஃப் நேராகக் கண்டுபிடிப்பது சராசரி அழுத்தத்தை, அதாவது மேப்பை. மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் அது கணக்குப் போட்டுத்தான் சொல்கிறது. இருந்தும் நம் கண் முதலில் மேல் எண்ணுக்கே போகிறது. 96/44 என்று காட்டினால் நிம்மதி, 88/56 என்றால் பதற்றம். மேப் பாருங்கள்: முதலாவதில் 61, இரண்டாவதில் 67. தொற்றால் பிரஷர் சரியும் செப்டிக் ஷாக்கில் 2021 சர்வதேச வழிகாட்டுதல் சொல்லும் தொடக்க இலக்கு 65. அப்படியானால் கவலைப்பட வேண்டியது முதல் நோயாளிக்காக.

கஃபின் அகலம் கைச் சுற்றளவில் சுமார் 40 சதவீதம் இருக்க வேண்டும். பருத்த கையில் சின்னக் கஃபைக் கட்டினால் பிரஷர் கூடுதலாகக் காட்டும். ஷாக்கில் இருப்பவரை நலமாக இருப்பதாக நினைக்க வைக்கும். நாடி ஒழுங்கில்லாமல் துடித்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் வரும். பிளேட்லெட் குறைந்தவர்களுக்கு, திரும்பத் திரும்ப இறுக்குவதால் கை கன்றிப்போகும். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த ஃபிஸ்டுலா உள்ள கையில் கட்டவே கூடாது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை இடைவெளி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கிறோம். நார்அட்ரினலின் சிரிஞ்சு மாற்றும்போது பிரஷர் சரிய ஒன்றிரண்டு நிமிடம் போதும்.

ஆர்ட் லைனின் பலம் அங்கேதான். ஒவ்வொரு துடிப்பும் திரையில் ஓடும். ஏபிஜிக்கு, அதாவது தமனி ரத்தத்தில் ஆக்சிஜனும் அமிலத்தன்மையும் பார்க்கும் சோதனைக்கு, அடிக்கடி குத்த வேண்டியதில்லை. ஆனால் அது பொய் சொன்னால் கஃபைவிட நம்பும்படியாகச் சொல்லும். அழுத்தத்தைத் திரைக்கு எண்ணாக அனுப்பும் டிரான்ஸ்டியூசர் இருதய மட்டத்தில், நான்காவது விலா இடைவெளிக்கு நேரே அக்குளின் நடுக்கோட்டில் இருக்க வேண்டும். ஸ்டாண்டில் மாட்டியதை அப்படியே விட்டுவிட்டுக் கட்டிலை 10 செ.மீ. உயர்த்தினால் 7 மி.மீ.க்கு மேல் கூடுதலாகக் காட்டும். உண்மையில் 61 இருக்கும், திரையில் 68. யாரும் மருந்தைக் கூட்ட மாட்டார்கள். அதனால் கட்டிலைத் தொட்டால் மட்டத்தைப் பார்ப்பது பழக்கமாக வேண்டும். லைன் அடைக்காமல் சலைனைத் தள்ளும் பிரஷர் பேக் 300 மி.மீ.யில் நிற்க வேண்டும். குழாயில் காற்றுக்குமிழியோ ரத்தக்கட்டியோ இருந்தால் அலை தட்டையாகி மேல் எண் குறையும். லைனுக்குள் சலைனைப் பாய்ச்சும் ஃபிளஷ்ஷை ஒரு நொடி இழுத்துவிட்டு, அலை எப்படித் திரும்புகிறது என்று ஷிஃப்டுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

அப்புறம், அந்தக் கை. விரல் வெளுக்கிறதா, சில்லிடுகிறதா என்று பார்க்க வேண்டும். போர்வைக்குள் மறையவே கூடாது. இணைப்பு கழன்றால் ரத்தம் வெளியேறுவது யாருக்கும் தெரியாது. லைனில் சிவப்பு லேபிள் இருக்கட்டும், தவறி யாரும் மருந்தை அதில் ஏற்றிவிடாமல். “சிஸ்டர், கையை ஏன் பலகையில கட்டி வெச்சிருக்கீங்க?” என்று வீட்டார் கேட்டால் உட்கார்ந்து விளக்குங்கள், டிரான்ஸ்டியூசர் செட்டுக்குக் காசு கொடுப்பவர்கள் பல இடங்களில் அவர்கள்தான்.

எல்லா ஷாக் நோயாளிக்கும் உடனே லைன் வேண்டுமா? 2025இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், கஃபில் தொடங்கித் தேவைப்பட்டால் மட்டும் லைன் போட்டவர்களிடம் 28 நாள் இறப்பு கூடவில்லை. லைன் இல்லாத வார்டுகளுக்கு இது நல்ல செய்தி. ஆனாலும் டோஸ் ஏறிக்கொண்டே போகிறவருக்கு நான் லைனைத்தான் கேட்பேன்.

இரண்டும் வேறு வேறு காட்டினால்? மட்டம், ஜீரோ (வெளிக்காற்றின் அழுத்தத்தைப் பூஜ்யமாக வைப்பது), ஃபிளஷ் மூன்றையும் சரிபார்த்துவிட்டு மேப்பை மேப்போடு ஒப்பிடுங்கள், மேல் எண்ணை அல்ல. மருந்தின் டோஸ் மிக அதிகமாக இருந்தால் மணிக்கட்டு லைன் குறைவாகக் காட்டக்கூடும். தொடை லைன் தேவையா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

கடலூரிலிருந்து ஜிப்மருக்கு ஆம்புலன்ஸில் அனுப்பும்போது கஃப் திணறும். வண்டியின் குலுக்கலையும் அது துடிப்பாக எடுத்துக்கொள்ளும். லைன் இருந்தால் டிரான்ஸ்டியூசரை நோயாளியின் மேற்கையிலேயே இருதய மட்டத்தில் ஒட்டி, வண்டியில் ஏற்றியதும் மறுபடி ஜீரோ செய்யுங்கள். லைன் இல்லையென்றால் அதற்காகப் பயணத்தைத் தாமதிக்க வேண்டாம். விரல் நுனியை 10 விநாடி அழுத்திவிட்டு, நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேல் ஆகிறதா என்று வழி நெடுக பார்த்துக்கொண்டே போங்கள்.