பிரேக் இல்லாத சைக்கிளும் பாலக்காட்டுக் காற்றும்

ஃபிக்ஸட் கியர் சைக்கிளில், மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரத்தைத் தனியே உருள விடும் ஃப்ரீவீல் கிடையாது. பின்சக்கரம் உருளும் வரை பெடலும் சுற்றும், காலுக்கு ஓய்வில்லை. வெலோட்ரோம் என்னும் சரிவான நீள்வட்டத் தளத்தில் பந்தயம் ஓட்டுவதற்கென்றே உருவான வண்டி இது. அங்கே பிரேக் இருந்தால்தான் ஆபத்து: முன்னால் போகிறவர் சட்டென்று பிடித்தால் பின்னால் ஒட்டி வருகிறவர்கள் மொத்தமாகச் சரிவார்கள். அந்த நியாயத்தைக் கோவை அவினாசி சாலைக்கு இழுத்து வருவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

இழுத்து வந்ததில் ஒரு வரலாறு உண்டு. நியூயார்க்கில் சைக்கிளில் கடிதமும் பார்சலும் கொண்டுபோனவர்கள் இதைத் தெருவில் ஓட்டினார்கள். பழுதாகும் உதிரிகள் குறைவு என்பது அவர்களுக்கு வசதி. 2000-க்குப் பிறகு அதுவே நாகரிகமானது. பளிச்சென்ற வண்ண ரிம், குட்டையாக வெட்டிய ஹேண்டில்பார், பிரேக் கழற்றிய வெறும் ஃபிரேம். பிரேக் வைத்திருப்பவரைக் கோழை போலப் பார்த்த காலம் அது. மோகம் தணிந்ததும் பலர் கியர் சைக்கிளுக்குப் போய்விட்டார்கள். ஃபிக்ஸடை விடாத பலரும் முன் பிரேக் மாட்டிக்கொண்டார்கள். எனக்கு இதில் மகிழ்ச்சிதான்.

ஏனென்றால் பிரேக் இல்லாமல், சுற்றும் பெடலைக் காலால் தடுத்து நிறுத்துவது பின்சக்கரத்தை மட்டும் நம்பிய வேலை. வேகம் குறையும்போது உடல் எடை முன்னே சாய்கிறது, பின் டயரின் பிடி தளர்கிறது. முன் பிரேக் நிறுத்தும் இடத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு தள்ளித்தான் வண்டி நிற்கும். டயரும் வீணாகிறது. செயின் ஓடும் பல்சக்கரத்தில் முன்னே 48 பல், பின்னே 16 பல் வைத்து, எப்போதும் ஒரே காலை முன்னே வைத்துச் சறுக்கி நிறுத்தினேன். பெடலின் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரம் சரியாக மூன்று சுற்று என்பதால் ஒவ்வொரு முறையும் டயரின் அதே இடம் தரையில் உரசியது. சில வாரங்களில் அங்கே மட்டும் ரப்பர் போய் நூல் தெரிந்தது, விரல் வைத்தால் சொரசொரப்பாக. 47-க்கு 17 என்று மாற்றிய பிறகு தேய்மானம் 17 இடங்களுக்குப் பிரிந்தது.

சாதாரண ஒற்றை கியர் ஃப்ரீவீல் சைக்கிள் நம் ஊருக்கு எங்கே மிஞ்சுகிறது? வேகத்தடையில். வர்ணம் அழிந்துபோன தடை கண்ணில் பட்டதும் இரு பெடலையும் சமமாக நிறுத்தி எழுந்து நிற்கலாம். ஃபிக்ஸடில் அது முடியாது. வளைவில் சாய்ந்தால் பெடல் தரையைத் தட்டும். வேட்டி நுனி செயினில் சிக்கினாலும் சக்கரம் காலை இழுத்துக்கொண்டே போகும். ரேஸ்கோர்ஸில் என் வண்டியைக் குனிந்து பார்த்த ஒரு பெரியவர், "பிரேக் எங்கேங்க தம்பி?" என்றார். காலால் நிறுத்துவதாகச் சொன்னேன். "குறுக்கே குழந்தை ஓடி வந்தால்?" என்றார். அந்த வாரமே முன்னும் பின்னும் பிரேக் மாட்டினேன்.

அப்படியானால் ஃபிக்ஸட் எதற்கு? ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றை எதிர்த்து மதுக்கரைப் பக்கம் மிதித்துப் பாருங்கள். கியர் சைக்கிளில் கியரைக் குறைத்துக்கொண்டு போவது உடம்புக்குச் சுகம், அதை மறுக்கமாட்டேன். ஆனால் ஃபிக்ஸடில் சக்கரமே காலைச் சுற்றி எடுத்துக் கொடுக்கிறது. மிதி அறுபடுவதில்லை, மூச்சும் அதோடு சேர்ந்துகொள்கிறது. இந்த இன்பத்துக்கும் பிரேக் இல்லாததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. காற்று முதுகில் தள்ளும் திரும்பும் வழி வேறு கதை: 40 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 115 முறை கால் சுழல வேண்டும்.

மலைக்குக் கியர் சைக்கிள்தான். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஃபிக்ஸடில் இறங்க யாரையும் விடமாட்டேன்.

ஒரே வண்டிதான் வாங்க முடியும் என்றால், இரண்டு பிரேக்கும், பின்சக்கரத்தின் நடுவில் இருபக்க ஹப்பும் உள்ளதை வாங்குங்கள்: ஒரு பக்கம் ஃபிக்ஸட், மறுபக்கம் ஃப்ரீவீல். டூர் டி பிரான்ஸில் 1937-இல்தான் கியர் மாற்றும் கருவியை அனுமதித்தார்கள். அதற்கு முன் வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, மறுபக்கப் பல்சக்கரம் செயினுக்கு வரும்படி சக்கரத்தைத் திருப்பி மாட்டிக்கொண்டுதான் ஏறினார்கள். ஆனைகட்டி மலைக்குப் போகும்போது நானும் அடிவாரத்து மாங்கரையில் இறங்கி, 15-ஆம் எண் ஸ்பேனரை எடுத்து அதையே செய்கிறேன்.