ஃபிஃப்த் அவென்யூவின் டிசம்பர் ஜன்னல்கள்

நவம்பர் பாதி கடந்ததும் நியூயார்க்கின் பேரங்காடிகளில் தெருவைப் பார்த்திருக்கும் கண்ணாடி ஜன்னல்கள் சில நாள்களுக்கு மூடப்படும். மூடாக்கு விலகிய நாளிலிருந்து புத்தாண்டு வரை, அவற்றைப் பார்ப்பதற்கென்றே உள்ளூர்க்காரர்களும் வெளியூர்க்காரர்களும் குளிரைப் பொருட்படுத்தாமல் வந்து நிற்கிறார்கள். கட்டணம் கிடையாது, கடைக்குள் நுழைய வேண்டிய கட்டாயமும் இல்லை. 34-ஆம் தெருவிலுள்ள மேசிஸ் கடையில் தொடங்கி, ஃபிஃப்த் அவென்யூ வழியாக 58-ஆம் தெருவிலுள்ள பெர்க்டார்ஃப் குட்மேன் வரை ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நடை. 2017-இல் முதன்முதலாகவும் பிறகு வேறு சில டிசம்பர்களிலும் இந்த வழியே நடந்து பார்த்ததை வைத்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன். கடைகளின் சரக்கையும் விலையையும் பற்றி இதில் எதுவும் சொல்லப்போவதில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அமைத்திருக்கும் காட்சியை மட்டுமே எடைபோடுகிறேன்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: ஒரு ஜன்னலின் முன் கால்கள் எவ்வளவு நேரம் நின்றன, நின்ற நேரத்தில் கண்ணுக்குப் புதிதாக ஏதாவது அகப்பட்டுக்கொண்டே இருந்ததா என்பது. இதில் வெளிச்சத்திற்குப் பெரும் பங்கு உண்டு. பகலில் வெளியே ஒளி மிகுந்திருக்கும்போது காட்சி ஜன்னல் வெறும் முகம் பார்க்கும் கண்ணாடியாகி, எதிர்ச்சாரிக் கட்டடத்தையும் மஞ்சள் டாக்சியையும் நம்முடைய கம்பளிக் குல்லாயையுமே நமக்குத் திருப்பிக் காட்டும். அதனால் காட்சி அமைப்பவர்கள் விளக்குகளை மேலும் பக்கவாட்டிலும் பார்வைக்குப் படாமல் மறைத்து வைத்து, உள்ளே இருக்கும் ஒளி வெளியொளியை வெல்லும்படி செய்யப் பார்க்கிறார்கள். நண்பகலில் அந்தப் போட்டியில் சூரியனே வெல்கிறது. இருட்டிய பிறகு போகாதவர்கள் இந்த ஜன்னல்களைப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது என்பது என் கட்சி.

மேசிஸ் இந்த வழக்கத்தின் தாய்வீடு. 14-ஆம் தெருவில் இருந்த அதன் பழைய கடையில் 1874-இல் உலகின் பல நாடுகளிலிருந்து தருவித்த பீங்கான் பொம்மைகளை அடுக்கி வைத்த ஜன்னலைத்தான், நகரின் கிறிஸ்துமஸ் ஜன்னல்களுக்குத் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். 1902-இல் இப்போதைய ஹெரால்டு சதுக்கத்துக் கட்டடத்திற்கு அந்தக் கடை மாறியது. இன்றும் அதன் ஜன்னல்கள் குழந்தைகளை மனத்தில் வைத்தே அமைக்கப்படுகின்றன: தலையாட்டும் பொம்மைகள், சுழலும் சக்கரங்கள், கதையொன்றை ஜன்னல் ஜன்னலாக நகர்த்திச் செல்லும் தொடர்ச்சி. கொலுவில் பூங்காவும் தெப்பக்குளமும் கட்டி வளர்ந்த நமக்கு இந்த மனநிலை புரியாத ஒன்றல்ல. கதை முன்கூட்டியே தெரிந்துவிட்டால் பெரியவர்களுக்கு அங்கே அதிக வேலையில்லை. ஆனால் தோளில் குழந்தையைத் தூக்கி வைத்திருப்பவர்களுக்கு அந்த ஜன்னல்களே போதும், மேற்கொண்டு 2 கிலோமீட்டர் நடக்கத் தேவையில்லை.

38-ஆம் தெரு முனையில் நான் நிற்பது இல்லாத ஒன்றுக்காக. 1914 முதல் லார்டு அண்டு டெய்லர் பேரங்காடி அங்கே இருந்தது. அதன் ஜன்னல்களின் தரை நீரழுத்தத்தால் இயங்கும் லிஃப்டின் மேல் அமைந்திருந்ததால், காட்சி முழுவதையும் நிலவறையில் ஆற அமரக் கட்டி முடித்து, பிறகு அப்படியே தெரு மட்டத்திற்கு உயர்த்திவிட முடிந்தது. மற்ற கடைகளின் ஆட்கள் குறுகலான ஜன்னல் கூண்டுக்குள் குனிந்தபடி ஆணி அடித்துக்கொண்டிருந்த காலத்தில், அங்கே அது நாடகக் கொட்டகையின் மேடைபோல இயங்கியிருக்கிறது. அதே கடை 1938-இல் கிறிஸ்துமஸ் ஜன்னல்களிலிருந்து விற்பனைச் சரக்கை அடியோடு நீக்கிவிட்டு, பொன்முலாம் பூசிய பெரிய மணிகளை மட்டும் தொங்கவிட்டு, ஒலிப்பதிவிலிருந்து எழுந்த மணியோசைக்கு ஏற்ப அவற்றை அசையவைத்தது. விற்கும் பொருளைக் காட்டாமலே கடையைக் காட்டலாம் என்று ஒரு வணிகர் துணிந்ததைத்தான் இந்தக் கலையின் பெரிய திருப்பமாக நான் கருதுகிறேன். 2019 ஜனவரியில் அந்தக் கடை மூடப்பட்டது. இணைய வணிகம் பேரங்காடிகளின் வாடிக்கையைக் கரைத்த காலம் அது. கட்டடம் பின்னர் அமேசானின் அலுவலகமானது என்பதை யாரும் கற்பனையாக எழுதியிருந்தால் மிகை என்று சொல்லியிருப்போம்.

ராக்கஃபெல்லர் மையத்திற்கு எதிரே 1924 முதல் நிற்கும் சாக்ஸ் ஃபிஃப்த் அவென்யூ, பல ஆண்டுகள் தன் முகப்புச் சுவர் முழுவதும் இசையோடு கூடிய ஒளிக்காட்சி நடத்தி வந்தது. 2024-இல் அது நடத்தப்படவில்லை. அந்த ஒளிக்காட்சி நடந்த ஆண்டுகளில் மக்கள் எதிர் நடைபாதையில் நின்று அண்ணாந்து பார்த்தார்களே தவிர, கீழே கண்ணாடிக்குள் நுணுக்கமாகச் செய்து வைத்திருந்ததை அருகில் வந்து பார்த்தவர்கள் குறைவு. கண்ணைக் கவர்வதும் கண்ணை நிறுத்துவதும் வெவ்வேறு வேலைகள். பெயர் சொல்ல விரும்பாத வேறொரு கடையில் ஜன்னல் முழுவதையும் அடைத்துக்கொண்டு மின்திரை ஒன்று பனித்துளிகளைப் பொழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்றவர் தன் கைப்பேசித் திரையிலிருந்து கண்ணை எடுத்து அதைப் பார்த்துவிட்டு, மறுபடியும் தன் திரைக்கே திரும்பினார்.

56-ஆம் தெருவில், இன்று டிரம்ப் டவர் இருக்கும் இடத்தில், 1980-இல் இடிக்கப்படும் வரை போன்விட் டெல்லர் பேரங்காடியின் கட்டடம் இருந்தது. 1939 மார்ச்சில் ஸ்பானிய ஓவியர் சால்வதோர் டாலி அங்கே இரண்டு ஜன்னல்களை அமைத்தார். அவற்றில் ஒன்றில் ஆட்டுக்குட்டித் தோல் போர்த்திய குளியல் தொட்டி இருந்தது. பார்த்தவர்கள் முகம் சுளிக்கவே, கடைக்காரர்கள் அவரைக் கேளாமல் காட்சியை மாற்றிவிட்டார்கள். கோபத்தோடு ஜன்னலுக்குள் புகுந்து டாலி தொட்டியை இழுக்க, அது கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே வர, பின்னாலேயே அவரும் நடைபாதைக்கு வந்து சேர, போலீசார் கைது செய்தார்கள். பிற்காலத்தில் அதே கடையின் ஜன்னல்களைப் பொறுப்பேற்று நடத்திய ஜீன் மூர் அமைதியாகச் சாதித்தது இதைவிடப் பெரிது. பின்னாளில் புகழ்பெற்ற ஓவியர்களான ராபர்ட் ரோஷன்பெர்க், ஜாஸ்பர் ஜான்ஸ் ஆகியோருக்குப் பெயர் வராத காலத்தில் அவர் காட்சி வேலை கொடுத்தார். 1961-இல், பின்னாளில் பாப் கலையின் பெரும்பெயரான ஆண்டி வார்ஹோலின் 5 ஓவியங்களை ஆளுயரப் பொம்மைகளுக்குப் பின்திரையாக நிறுத்தினார். உடுப்பைப் பார்த்துக்கொண்டே கடந்து போனவர்களில் எத்தனை பேர் பின்னால் இருந்ததைக் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

இந்த நடையின் உச்சம் பெர்க்டார்ஃப் குட்மேன்தான். அதில் எனக்கு ஐயமே இல்லை. 1899-இல் தையல் கடையாகத் தொடங்கி, 1928 முதல் இப்போதைய இடத்தில் இருக்கும் அந்தக் கடையின் ஜன்னல்களை டேவிட் ஹோயியின் குழு நெடுங்காலம் அமைத்து வந்தது. ஓராண்டு டிசம்பருக்கான ஏற்பாடு ஏறத்தாழ அதற்கு முந்தைய டிசம்பர் முடிந்த கையோடு தொடங்கிவிடுகிறது. 2017-இல் நகரின் பண்பாட்டு நிறுவனங்களுக்கு ஜன்னலுக்கு ஒன்றாகக் காணிக்கை செலுத்தினார்கள். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திற்கான ஜன்னலில் படிகக் கற்கள் இழைத்த டைனோசர் எலும்புக்கூடுகள் மின்னிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே உடுப்பு அணிந்த பொம்மை, தானும் அந்த விலங்குக் கூட்டத்தில் ஓர் இனம் என்பதுபோல நின்றது. முதலில் மினுமினுப்பு மட்டும் தெரிந்தது, பிறகு எலும்பு, அதற்கும் பிறகுதான் உடுப்பு. விற்க வேண்டிய பொருளைக் கண் கடைசியாகக் கண்டடையும்படி வைத்திருந்தார்கள், அதுவும் தானே கண்டுபிடித்ததாக அது நினைத்துக்கொள்ளும்படி. கொலுப்படியில் செட்டியார் பொம்மைக்கு முன்னால் அரிசியும் பருப்பும் வெல்லமுமாக ஒரு சின்னக் கடை விரித்திருப்போம் அல்லவா, அங்கே சரக்கும் காட்சியின் உறுப்பாகிவிடுகிறது, இங்கும் அப்படியே.

குறை என்றால், அந்தக் குழுவினருக்கு வெற்றிடத்தின் மீது ஏனோ நம்பிக்கை இல்லை. விளிம்பு முதல் விளிம்பு வரை நிரப்பி விடுகிறார்கள்; அடுத்தடுத்து ஐந்து ஜன்னல்களைப் பார்த்தபின், கல்யாணப் பந்தியில் இலை முழுக்கப் பரிமாறியதுபோல ஒரு திகட்டல் ஏற்படுகிறது. அதனால் நான் ஒன்றைப் பார்த்துவிட்டுத் தெருவைக் கடந்து, எதிரே உள்ள அவர்களுடைய ஆடவர் கடையின் சற்று அடக்கமான ஜன்னல்களைப் பார்த்துத் திரும்பிவந்து, பிறகு அடுத்ததைப் பார்க்கிறேன். முன்வரிசையில் நிற்பவர் நகர்வதற்குக் காத்திருக்கும் நேரமும் அதில் கழிந்துவிடுகிறது.

கூட்டம் வேண்டாதவர்கள் டிசம்பர் முதல் வாரத்தில், வேலைநாள் ஒன்றின் இரவு 10 மணிக்கு மேல் போவது நல்லது. கடைகள் மூடியிருந்தாலும் ஜன்னல் விளக்குகள் எரியும். கைப்பேசியின் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தால் படத்தில் தெருவின் பிரதிபலிப்பு விழாது. ஆனால் அதற்குக் கையுறையைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால், படமெடுக்கும் ஆசையைக் கடைசி ஜன்னல் வரை ஒத்திப்போடுவது விரல்களுக்கு உகந்தது.