ஹெவன்ஸ் அபோவ்: மொட்டை மாடிக்கு ஒரு டைம்டேபிள்

கோவில்பட்டியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து நாலு வருஷமாக செயற்கைக்கோள் பார்க்கிறேன். டெலஸ்கோப் கிடையாது, பைனாகுலரும் கிடையாது. கையில் இருப்பது ஹெவன்ஸ் அபோவ் மட்டும்தான். கிறிஸ் பீட் என்பவர் நடத்துகிற இணையதளம், காசு வாங்குவதில்லை. போனில் செயலியாகவும் கிடைக்கிறது.

முதலில் உங்கள் ஊரையும் நேர மண்டலத்தையும் பதிந்துவிடுங்கள். முதல் நாள் அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, வராத ஒன்றுக்காக முக்கால் மணி நேரம் கழுத்து வலிக்க நின்றேன். பதிந்தபிறகு, சர்வதேச விண்வெளி நிலையம் அடுத்த பத்து நாளில் நம் ஊர் வானத்தில் எப்போதெல்லாம் தெரியும் என்று ஒரு அட்டவணை வரும். பார்த்தவுடன் மிரட்டும். ஆனால் படிக்க வேண்டியது நாலே விஷயம்தான்: பிரகாசம், தெரிய ஆரம்பிக்கும் நேரம், உச்சம், மறையும் நேரம். ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் திசையும், தொடுவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரம் என்பதும் இருக்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய பத்து டிகிரி. அது போதும். பிரகாசக் கணக்கு மட்டும் தலைகீழ், எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும். மைனஸ் மூன்று என்று போட்டிருந்தால் வியாழனையே தோற்கடிக்கும். தெருவிளக்கு அதிகம் உள்ள இடமென்றால் மைனஸ் ஒன்றுக்குக் கீழே உள்ளதை மட்டும் பாருங்கள்.

அந்த அட்டவணையில் எனக்கு உயிர், மறையும் நேரம்தான். போன மாசியில் ஒருநாள் அம்மாவை மாடிக்கு அழைத்துப்போனேன். கண்புரை ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. 7:31க்குத் தென்மேற்கே தண்ணீர்த் தொட்டிக்கு மேலே கிளம்பும், 7:36:15க்கு வடகிழக்கே 34 டிகிரி உயரத்தில் மறையும் என்று போட்டிருந்தது. சொன்ன நிமிஷத்தில் கிளம்பியது. மினுக்கல் இல்லை, சத்தம் இல்லை, விமானம்போல சிவப்புப் பச்சை விளக்கும் இல்லை. வெள்ளையாக, ஒரே சீராக ஏறி வந்தது. "எய்யா, உள்ள ஆளுகளா இருக்காவ?" என்றாள் அம்மா. 2000 நவம்பரிலிருந்து ஒருநாள்கூட ஆளில்லாமல் இருந்ததில்லை என்றேன். நான் போனில் விநாடியை எண்ணிக்கொண்டிருந்தேன். சரியாக மூன்றரை முஷ்டி உயரத்தில், மேகமே இல்லாத வானத்தில், அது மங்கி, லேசாகச் சிவந்து, இல்லாமல் போனது. 7:36:15. "அணைஞ்சுட்டே!" என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அணையவில்லை. அதற்கென்று சொந்த வெளிச்சம் இல்லை, நாம் பார்ப்பது அதன்மேல் படுகிற வெயிலைத்தான். நமக்குப் பொழுது சாய்ந்த பிறகும் 400 கிலோமீட்டர் உயரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் போய்விடும். அந்த நிழல் எங்கே தொடங்குகிறது என்பதை விநாடி சுத்தமாகச் சொல்லும் சேவை இது. நாங்கள் படியிறங்கி வந்து அம்மா அடுப்பைப் பற்றவைக்கும்போது அது அஸ்ஸாம் பக்கம் போயிருக்கும். விநாடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் போகிற வேகம்.

வான வரைபடமும் கொடுக்கிறார்கள். அதில் கிழக்கு இடது பக்கம் இருக்கும். தப்பு இல்லை. படத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, வடக்கை வடக்கோடு பொருத்துங்கள், சரியாக வந்துவிடும். இது புரியாமல் விட்டுவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும்.

பத்து நாளைக்கு முன்னால் குறித்துவைத்த நேரத்தை அப்படியே நம்பாதீர்கள். மெல்லிய காற்று உரசி நிலையம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், அவ்வப்போது இன்ஜின் போட்டு மேலே தூக்குவார்கள். அதனால் நேரம் நகரும். அன்று மதியம் ஒருமுறை மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். முன்பு வேறொரு செயலிக்குப் பணம் கட்டியிருந்தேன். பேர் வேண்டாம். "இப்போது மேலே பாருங்கள்" என்று பட்டப்பகலில் மணியடிக்கும். வெயிலும் நிழலும் கணக்கில் இல்லாத அறிவிப்பால் என்ன பயன்?

நிலையம் பழகியபின் பிரகாசமான செயற்கைக்கோள்களின் தினசரிப் பட்டியலுக்குப் போங்கள். அதில் பாதிக்குப் பாதி பழைய ராக்கெட் பாகங்கள். சில உருண்டுகொண்டே போவதால் விட்டுவிட்டு மின்னும். 1957இல் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கைப் பார்த்தோம் என்று சொன்னவர்களில் பெரும்பாலோர் பார்த்ததும் அதைச் சுமந்துபோன ராக்கெட்டைத்தான். இணைய சேவைக்கான ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் புதிதாக ஏவிய சில நாள் ரயில்போல வரிசையாகப் போகும், அதற்கும் தனிப் பக்கம் உண்டு.

நம் ஊர்க்காரர்கள் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியைத் தவறவிடக் கூடாது. அதன் பாதை நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் 28.5 டிகிரிக்குள்ளேயே இருப்பதால், நமக்கு உச்சந்தலைக்கு மேலேயே போகும், ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஓரியனின் இடுப்பில் உள்ள மூன்று நட்சத்திரம் அளவுக்குத்தான் வெளிச்சம், அதனால் மாடி விளக்கை அணைத்துவிட்டு, கண் பழக ஒரு பத்து நிமிஷம் முன்னாலேயே போய் நில்லுங்கள்.

மாலைப் பட்டியல் காலியாக இருந்தால் விடியற்காலையைப் பாருங்கள். அப்போது எல்லாம் நேர்மாறு: நிழலிலிருந்து வெளியே வருவதால், நடுவானில் ஒன்றுமில்லாத இடத்தில் திடீரென்று முளைக்கும்.